கடலூரிற் காலஞ்சென்ற கணித வித்தகர்
பெஞ்சமின் ராபின்ஸ்

யாம் சங்கரன்கோவிலைச் சார்ந்தோம். எம்மூர்த் திருக்கோயிலின் உள்ளே புலித்தேவர் அறை என ஓரிடம் உண்டு. நெற்கட்டுஞ்செவலில் இருந்து அரசு செலுத்திய அப்பாளையக்காரர், சிறைப்பட்டுச் செல்லும் வழியில் இறைவனை வழிபட விடைபெற்று உட்புகுந்து, அங்கேயே சோதியிற் கலந்து மறைந்தார் என்று எம்மூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். சமயம் வேறாயினும், அவ்வூரிற் பிறந்தார் எவரும் அக்கதையைக் கேளாது வளர்வதில்லை. யாமும் கேட்டு வளர்ந்தோம். கேட்குந்தோறும் எம்முள்ளத்தே ஓர் ஐயம் எழும். 1755-ஆம் ஆண்டிற் கர்னல் ஹெரான் என்னும் கும்பினித் தளபதி நெற்கட்டுஞ்செவல் மண்கோட்டையின்மேல் வந்து, சுவரைத் தகர்க்கவல்ல பெரும் பீரங்கிகள் தன்னிடம் இன்மையால் வெறுங்கையனாய் மீண்டான். 1761-ஆம் ஆண்டிலோ, கான்சாகிபு எனப்படும் யூசுப்கான் அப்பகுதிக் கோட்டைகளைக் கைக்கொண்டார். காத்து நின்றாரின் ஆண்மை இடைப்பட்ட 6 ஆண்டுகளிற் குன்றிவிட்டதென்று கூற எமக்கு மனம் வரவில்லை. குண்டு எவ்வளவு விரைவிற் செல்லும், எவ்வளவு தொலைவு செல்லும், குறித்த இடத்திற் படுமா என்னும் இவற்றை அறிந்தார் எவர், அறியாதார் எவர் என்பதே அக்காலப் போர்களில் பெரிய வினாவாய் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணினோம்.

அவ்வெண்ணத்தோடு கல்லூரி நூல்நிலையத்தைத் துழாவியபோது ஒரு பெயர் எதிர்ப்பட்டது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை உலகில் முதன்முதற் பிழையின்றி அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். பௌதிக மாணவர் அவர் பெயரை ஊசற் சோதனையோடு சேர்த்து அறிவர். ஆயின் அவர் உயிர் நீத்த இடம் நம் தமிழ்நாட்டுக் கடலூர் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம். கணிதத்துக்கு அஞ்சித் தமிழிற் புகுந்த எம் போன்றார் இதனை எழுதுவது நகைப்புக்கு இடமாகலாம். கணித வகுப்பு நண்பர் பொறுப்பாராக.

ராபின்ஸ் 1707-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள பாத் நகரிற் பிறந்தார். தந்தையார் தையற்றொழில் செய்து பிழைத்தவர், செல்வம் இல்லாதவர். பெற்றோர் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்தவர். அச்சபையார் எளிய உடை உடுப்பர், ஆணையிட மறுப்பர், எக்காரணம் பற்றியும் படைக்கலம் ஏந்துதல் பாவம் என்பர். அத்தகைய வீட்டிற் பிறந்த பிள்ளை பீரங்கிக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஆனது வியப்பே. இளமையிலேயே அவர் அச்சபைக்குரிய உடையையும் ஒழுக்க முறைகளையும் விட்டு நீங்கினார். அப்பிரிவு அவர் பெற்றோருக்கு எத்துணைத் துயரம் விளைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

பள்ளியிற் பெற்ற கல்வி சிறிது. தாமே முயன்று பெற்றது பெரிது. அவர்தம் கணிதத் திறமைக்குச் சான்றாக ஒரு கட்டுரை இலண்டனில் வாழ்ந்த பெம்பர்ட்டன் என்னும் அறிஞரிடம் சென்றது. நியூட்டன் பெருமானின் தலைமை நூலாகிய பிரின்சிப்பியாவின் மூன்றாம் பதிப்பைப் பார்வையிட்டு வெளியிட்டவர் அவரே. அவர் சில வினாக்களை விடுத்துச் சோதித்து, விடைகளின் நேர்த்தியைக் கண்டு, இளைஞரை இலண்டனுக்கு வருமாறு ஊக்கினார். அங்கே ராபின்ஸ் கணிதம் கற்பித்துப் பொருள் ஈட்டிக்கொண்டே பழம்பெரும் கணித நூல்களை மூலமொழிகளிற் பயின்றார். 1727-ஆம் ஆண்டு, தம் 20-ஆம் வயதில், ராயல் சொசைட்டி என்னும் பேரவையின் உறுப்பினரானார். நம்முள் 20 வயதினர் பலர் தேர்வுக் கட்டணத்துக்கு நாள் தவறாமையையே பெரும் சாதனையாகக் கொள்ளும்போது இஃது எம்மைச் சற்று நாணச் செய்கிறது.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் எழுதுகோல் வாதப்போர்களில் ஈடுபட்டது. நியூட்டனின் நுண்கணித முறைக்கு அடிப்படை இல்லை என்று 1734-இல் பெர்க்லி அத்தியட்சர் ஒரு நூல் எழுதினார். கடவுள் மறைபொருள்களை நம்ப மறுக்கும் கணிதர், தம் கணிதத்தில் அவற்றினும் இருண்ட மறைபொருள்களை நம்புகின்றனரே என்பது அத்தியட்சரின் கேள்வி. கேள்வி கூர்மையானது என்றே எமக்குத் தோன்றுகிறது. ராபின்ஸ் 1735-இல் விடை நூல் வெளியிட்டு, எல்லை என்னும் கருத்தைக்கொண்டு அம்முறையை நிலைநாட்ட முயன்றார். அவ்வாதத்தின் நுட்பங்களுள் யாம் நுழையோம்.

அவர் ஏட்டுக் கணிதத்தோடு அமைந்தவர் அல்லர். ஆலைகள், பாலங்கள், துறைமுகங்கள், சதுப்புநிலத்து நீரை வடிக்கும் வாய்க்கால்கள் ஆகியவற்றை ஆராய்ந்தார். பிளாந்தர்சு நாட்டுக்குச் சென்று அங்குள்ள கோட்டைகளைப் பார்வையிட்டார். அரசியலிலும் தலையிட்டு, முதன்மந்திரி வால்போலை எதிர்த்துத் துண்டு நூல்கள் வரைந்தார். 1741-இல் வுல்லிச்சு நகரத்துப் படைக் கல்விச்சாலையிற் கோட்டைக் கலை ஆசிரியர் பதவியை விரும்பினார். அது முல்லர் என்பவருக்குச் சென்றது. அரசியற் பகையே அப்பதவியைத் தட்டிப் பறித்தது என்பாரும் உளர். பதவி கிட்டியிருப்பின் பாடங்களாய் ஒடுங்கியிருக்கக்கூடிய ஆராய்ச்சி, கிட்டாமையால் நூலாய் வெளிவந்தது. பீரங்கிக் கலையின் புதுக் கொள்கைகள் என்னும் பொருள்படும் பெயரோடு 1742-இல் தோன்றிய அச்சிறு நூலே அவர்தம் புகழுக்கு நிலைக்களம்.

அந்நூலுக்கு முன்னிருந்த நிலை யாது? குண்டு வானிற் செல்லும் வழி பரவளைவு என்று கலிலியோ 1638-இல் காட்டியிருந்தார். காற்றில்லா வெளியில் அது முற்றிலும் உண்மை. ஈயமும் இரும்பும் கனத்த பொருள்களாதலின் மெல்லிய காற்று அவற்றை என்ன செய்யும் என்று பீரங்கி ஆசிரியர் பலர் அதனைப் புறக்கணித்தனர். காற்றின் தடையை நியூட்டன் ஆராய்ந்திருந்தும், துப்பாக்கி பிடிப்போர் காதில் அது விழவில்லை. ஒருவன் குறி தப்பினால் கையைப் பழித்தனர்; மருந்தைப் பழித்தனர்; சிலர் விதியைப் பழித்தனர். குழலை விட்டு வெளிப்படும்போது குண்டின் வேகம் எவ்வளவு என்பதை அளந்தார் எவரும் இலர். அளவு தெரியாத இடத்தில் எல்லாரும் ஆசிரியரே ஆகிவிடுவர்.

ராபின்ஸ் முதலில் வெடிமருந்தை ஆராய்ந்தார். மருந்து எரியுங்கால் காற்றுப்போன்ற ஒரு பொருள் தோன்றுகிறது; அதன் விரியும் ஆற்றலே குண்டைத் தள்ளுகிறது. அப்பொருள் ஆறிய நிலையில் மருந்தின் பருமனைப் போல் ஏறக்குறைய 244 மடங்கு இடங்கொள்ளும் என்று சோதனையாற் கண்டார். எரியும் வெம்மையில் அதன் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காய்ப் பெருகும் என்று கணக்கிட்டு, வெடிக்கும் கணத்தில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு ஆகும் என்றார். பிற்காலத்தார் இதனினும் பெரிய அளவுகளைக் கண்டனர் என்பது உண்மை. ஆயின் மருந்தின் அளவு, குண்டின் எடை, குழலின் நீளம் என்னும் மூன்றையும் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட முதல் வழி திறந்தவர் அவரே.

கணக்கு ஒருபுறம் இருக்க, அது சரியா என்று எவ்வாறு அறிவது? இங்கேதான் அவர்தம் மதி நுட்பம் ஒளிர்கின்றது. கண் இமைக்கும் முன் மறையும் பொருளின் வேகத்தை அளக்க அவர் கடிகாரத்தை நாடவில்லை; ஊசலை நாடினார். எம் வீட்டு ஊஞ்சல் அசையாது தொங்கும்போது அதன் பலகையில் ஒரு களிமண் உருண்டையை எறிந்தால் உருண்டை ஒட்டிக்கொள்ளும். ஊஞ்சல் மெல்லப் பின்னோக்கி ஆடும். விரைந்து எறிந்தால் மிகுதியாக ஆடும். மெல்ல எறிந்தால் சிறிதே ஆடும். ஊஞ்சலின் எடையும் உருண்டையின் எடையும் தெரிந்தால், ஆடிய அளவைக்கொண்டு எறிந்த வேகத்தைக் கூறிவிடலாம். இதுவே அவர் கண்ட உபாயம்.

மூன்று கழிகளை முக்காலிபோல் நிறுத்தி, அதனிடையே இரும்புத் தண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் அடியில் கனத்த மரப்பலகை ஒன்றைப் பொருத்தினார். ஊசல் முழுவதின் எடை 56 ராத்தல் 3 அவுன்சு. குண்டுகள் ஈயத்தாலானவை, ஒரு ராத்தலுக்குப் பன்னிரண்டு, குறுக்களவு ஏறக்குறைய முக்கால் அங்குலம். பலகையின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி, அது ஓர் இடுக்கின் வழியே உராய்ந்து வெளிவருமாறு அமைத்தார். குண்டு பலகையிற் புதைந்தவுடன் ஊசல் பின்சென்று நாடாவை இழுக்கும். இழுபட்ட நாடாவின் நீளத்தை அங்குலக்கோலால் அளந்தால் ஆட்டத்தின் அளவு கிடைக்கும். கழி, பலகை, நாடா என்னும் இவற்றைக் கொண்டு மணிக்கு ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வேகத்தை ஒருவர் அளந்தார் என்றால், விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று நம் ஆய்வுச்சாலைகளிற் குறை கூறும் நாவு சற்றே அடங்கும்.

அடுத்து, அதே துப்பாக்கியில் அதே அளவு மருந்தையும் ஒரே எடையுள்ள குண்டையும் இட்டு, ஊசலை வெவ்வேறு தொலைவில் நிறுத்திச் சுட்டார். 25 அடித் தொலைவில் வேகம் விநாடிக்கு 1,670 அடி. 75 அடியில் 1,550 அடி. 125 அடியில் 1,425 அடி. நூறு அடி செல்வதற்குள் குண்டு தன் வேகத்தில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கை இழந்துவிட்டது. இதனைக் கணக்கிட்டால், காற்று அக்குண்டைத் தடுக்கும் வலி குண்டின் எடையைப்போல் 120 மடங்கு என்று வருகிறது. மெல்லியது என்று இகழப்பட்ட காற்று, ஈயத்தை அதன் எடையினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட வலியோடு பிடித்து இழுக்கிறது! இருபத்துநான்கு ராத்தல் இரும்புக் குண்டு நிறைந்த மருந்தோடு சுடப்பட்டால் காற்றில்லா வெளியில் 16 மைல் செல்லவேண்டும் என்றும், காற்றுள்ள இவ்வுலகில் 3 மைலும் செல்வதில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஒலியின் வேகத்தை அணுகும்போது அத்தடை திடீரென மிகுகிறது என்பதையும் கண்டார். ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானங்கள் வந்த இருபதாம் நூற்றாண்டில் பொறியியலார் பெரும்பாடுபட்ட சிக்கலை ஈயக்குண்டில் அவர் முன்னரே கண்டுவிட்டார்.

இதிலிருந்து செய்முறைக்கு உரிய ஒரு முடிபும் கிடைத்தது. மருந்தை மிகுக்க மிகுக்கப் பயன் மிகும் என்னும் எண்ணம் தவறு. மிகுதியாகப் பெற்ற வேகத்தைக் காற்று முதல் சில கெஜங்களிலேயே கவர்ந்துகொள்ளும்; குழலுக்கும் தோளுக்கும் உண்டாகும் அதிர்ச்சியே மிச்சம். குண்டுக்கும் குழலுக்கும் ஏற்ற மருந்தளவு ஒன்று உண்டு; அதனைச் சோதித்தே காணவேண்டும். இன்றும் பழைய முறையில் அமைந்த ஒற்றைக் குண்டு ரைபிள்களைக்கொண்டு குறி பழகுவோர், தாமே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, ஒவ்வொரு குண்டையும் தராசிலிட்டு, மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றியும் இறக்கியும் சுட்டுப் பார்த்து, எவ்வளவில் குண்டுகள் அட்டையில் நெருங்கி விழுகின்றன என்று ஆராய்கின்றனர். அவர்தம் பொறுமைக்கு மூலபுருடர் ராபின்ஸ்தாம்.

இனிக் குறி தப்புவதற்கு வருவோம். குழலை அசையாதபடி பிணைத்து, ஒரே குறியை நோக்கி, ஒரே அளவு மருந்தோடு சுட்டாலும் குண்டுகள் ஒரே வழிச் செல்வதில்லை. ஒன்று வலம் விலகும், ஒன்று இடம் விலகும். காரணம் என்ன? ஈயக்குண்டு வார்க்கும் முறையை எண்ணிப் பார்ப்போம். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றினால் புறம் முதலிற் குளிர்ந்து இறுகும். உள்ளீடு பின்னர்க் குளிர்ந்து சுருங்கும். அப்போது உள்ளே சிறு குமிழி தங்கினால் குண்டின் எடைமையம் நடுவில் நில்லாது ஒருபுறம் சாயும். இதனினும் பெரிய குறை வேறொன்று. குண்டு குழலின் வாய்வழியே எளிதில் இறங்க வேண்டுமாதலின் அதனைக் குழலினும் சிறிதாக வார்ப்பர். வெடிக்கும்போது அது குழலின் சுவரில் உரசியும் மோதியும் வெளிவரும். உரசிய பக்கத்துக்கு ஏற்ப எப்படியோ ஒருவகையிற் சுழன்றுகொண்டே பறக்கும். அச்சுழற்சியே காற்றில் அதனை ஒருபுறம் தள்ளுகிறது என்று ராபின்ஸ் உய்த்துணர்ந்தார். நம் கல்லூரித் திடலிற் பந்தை உதைப்போர் இதனை அறிவர். நேரே செல்வதுபோற் போக்குக் காட்டிய பந்து இறுதியில் வளைந்து வலைக்குள் புகுவது இச்சுழற்சியினாலன்றோ?

உய்த்துணர்ந்ததை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனை எம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஒரு துப்பாக்கிக் குழலின் வாய்ப்பகுதியைச் சிறிது இடப்புறமாக வளைத்தார். இத்தகைய குழலிலிருந்து குண்டு எப்பக்கம் செல்லும் என்று கேட்டால் எவரும் இடப்பக்கம் என்றே கூறுவர். ராபின்ஸ் வேறுவிதமாகக் கூறினார். வளைந்த குழலில் குண்டு வலச்சுவரை உரசி வரும். அவ்வுராய்வினால் ஒரு குறித்த சுழற்சி பெறும். தொடக்கத்தில் இடப்பக்கம் சென்றாலும் பின்னர் அச்சுழற்சியால் வலப்பக்கம் திரும்பும் என்றார். மெல்லிய காகிதத் திரைகளை வழியில் நிறுத்திச் சுட்டனர். திரைகளில் விழுந்த துளைகளை நோக்க, குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, போகப்போக வலப்பக்கம் வளைந்திருந்தது. நிகழ்ந்த பின் காரணம் கற்பிப்பது எளிது. நிகழுமுன், எல்லார் எண்ணத்துக்கும் மாறாக, இது நிகழும் என்று கூறி அங்ஙனமே நிகழ்த்திக் காட்டுவது அறிவியலின் உயர்நிலை.

ஆயினும் இக்கண்டுபிடிப்புக்கு உரிய பெயர் அவருக்கு வாய்க்கவில்லை. அக்காலத்துக் கணிதப் பேரரசராகிய ஆய்லர், பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் பொருட்டு ராபின்சின் நூலை 1745-இல் ஜெர்மானிய மொழியிற் பெயர்த்து, மூலத்தினும் பன்மடங்கு பெரிய விளக்கவுரையும் எழுதினார். நூலின் பெருமையை அவர் ஒப்பினார். குண்டு சுழற்சியால் விலகுகிறது என்பதை மட்டும் ஒப்பவில்லை. குண்டின் வடிவக் குறையே காரணம் என்றார். பேரறிஞர் ஒருவர் மறுத்தபின் பிறர் ஆராய்வது அரிது. நூறாண்டு கழிந்து, 1852-இல் பெர்லின் நகரத்து மாக்னசு அவ்விளைவை மீண்டும் விளக்க, உலகம் அதற்கு மாக்னசு விளைவு என்றே பெயரிட்டது. நம் பாடநூல்களிலும் அப்பெயரே உள்ளது. எமக்கு இது சிறிது வருத்தமே. மற்றப்படி அவர் வாழ்நாளிலேயே நூல் மதிக்கப்பட்டது: ராயல் சொசைட்டியார் 1746-இல் அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தனர். இளம் பீரங்கிப்படை அதிகாரியாயிருந்த நெப்போலியனும் பின்னாளில் அந்நூலைப் பயின்று குறிப்பெடுத்தான்.

குண்டு தாறுமாறாகச் சுழல்வதே பிணி என்று கண்டவர் மருந்தையும் கண்டார். குழலின் உட்புறத்தே திருகுபுரியாக வரிகள் வெட்டிய ரைபிள்கள் அவருக்கு முன்பே ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேட்டைக்குப் பயன்பட்டன. அவை குறி தவறாமைக்குக் காரணம் என்னவென்பதில்தான் குழப்பம்: குண்டு திருகாணிபோலக் காற்றைத் துளைத்துச் செல்கிறது என்பார் சிலர். ராபின்ஸ் 1747-இல் ராயல் சொசைட்டியிற் படித்த கட்டுரையில் உண்மைக் காரணத்தை விளக்கினார். வரிகளிற் பதிந்த குண்டு, செல்லும் திசையையே அச்சாகக்கொண்டு சுழல்கிறது. ஆதலின் ஒருபக்கம் தள்ளும் காரணம் ஏதேனும் இருந்தாலும் அப்பக்கம் அடுத்த கணமே மறுபக்கமாகிவிடுகிறது. விலகல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

குண்டை வரிகளில் எவ்வாறு பதிப்பது? குழலினும் சற்றே பெரிய குண்டை வாயில் வைத்து இரும்புக் கம்பியால் அடித்து இறக்குவது பழைய முறை. அதற்குக் காலமும் கைவலியும் மிகுதி. குண்டின் வடிவமும் கெடும். வட்டமாக நறுக்கிய மெல்லிய தோல் அல்லது துணியில் ஒருபுறம் கொழுப்புத் தடவி, அதனைக் குழல்வாயில் விரித்து, அதன்மேல் சற்றே சிறிய குண்டை வைத்துக் கெட்டிப்பது நயமான முறை. தோல் வரிகளைப் பற்றிக்கொள்ளும். குண்டைத் தோல் பற்றிக்கொள்ளும். மருந்து அளவு மீறினால் மெல்லிய ஈயம் வரிகளைப் பற்றாது சறுக்கி நேரே பாய்ந்துவிடும். இங்கும் அளவே தலைமை. உருண்டைக்கு மாற்றாக முட்டை வடிவில் குண்டு வார்த்து, அதன் பருத்த முனை முன்செல்லுமாறு செய்தால், எடைமையம் முன்னே அமைதலின் அது அம்புபோல் தன் வழியினின்று திறம்பாது பறக்கும் என்றும் அவர் கூறினார். ரைபிளின் தன்மையை முற்ற அறிந்து தன் படைக்கு முதலில் வழங்கும் நாடு, மற்ற நாடுகளைவிட மேம்பட்டு நிற்கும் என்றும் எதிர்காலம் உரைத்தார்.

அக்கூற்று நூறாண்டு காத்திருந்தது. நீள்வடிவ ஈயக்குண்டு, வெடிக்கும்போது தானே விரிந்து வரிகளைப் பற்றுமாறு, 1849-இல் மினியே என்னும் பிரெஞ்சுக்காரராற் செப்பம் பெற்றது. அவ்வழிவந்த 1853-ஆம் ஆண்டு என்பீல்டு ரைபிள் இந்தியாவுக்கு வந்தபோது, வரிக்குழலில் குண்டு எளிதில் இறங்கத் தோட்டாவிற் கொழுப்புத் தடவவேண்டி வந்தது. அக்கொழுப்புப் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்னும் ஐயமே 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பொறியாயிற்று. ஒரு சிறு கொழுப்புத் துணியின் பின்னே இத்துணை வரலாறு ஒளிந்திருந்தது. பின்னர் 1871-இல் வந்த மார்ட்டினி ஹென்றி என்னும் ஒற்றைக் குண்டு ரைபிளில், பன்னிரண்டு பங்கு ஈயத்தோடு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து குண்டைச் சற்று வன்மையாக்கினர்; 480 கிரெயின் குண்டுக்கு 85 கிரெயின் கருமருந்து என்று அளவும் வகுத்தனர். குண்டு, மருந்து, குழல் மூன்றும் ஒன்றற்கொன்று இயைய வேண்டும் என்னும் ராபின்சின் கொள்கை அங்கே நிறைவேறிற்று.

கொலைக் கருவியைச் செம்மை செய்தவரைக் கிறித்தவராகிய யாம் புகழலாமோ என்று எம் அறை நண்பர் ஒருவர் கேட்டார். விடை கூறத் தடுமாறினோம். அவர் காற்றுத் தடையை அளக்கச் செய்த சுழல்கரக் கருவியை, பின்னாளிற் காற்றாலையை ஆராய்ந்த சுமீட்டனும் பறக்கும் பொறியை ஆராய்ந்த கேலியும் பயன்படுத்தினர் என்பதை எடுத்துக் கூறினோம். நண்பர் முற்றும் உடன்படவில்லை. எமக்கும் அது முழு விடையாகத் தோன்றவில்லை.

ராபின்சின் இறுதிக்காலம் நம் நாட்டோடு பிணைந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். உடன்படிக்கையின்படி 1749-இல் அது திரும்பக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் கடலூர்த் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையையும் தாக்கிப் பார்த்தனர். தம் கோட்டைகளின் நொய்ம்மையைக் கண்டு அஞ்சிய கும்பினியார் வல்லுநர் ஒருவரைத் தேடினர். ராபின்சுக்கு அப்போது இரு வழிகள் திறந்திருந்தன: அமெரிக்க எல்லைகளை வரையறுக்கப் பாரிசு செல்லும் தூதுப்பணி ஒன்று, கும்பினியின் தலைமை இஞ்சினீயராக இந்தியா செல்லும் பணி மற்றொன்று. அவர் இந்தியாவைத் தேர்ந்தார். வான்மீன்களை நோக்கும் கருவிகளையும் உடன் எடுத்துக்கொண்டு 1749-இன் இறுதியிற் கப்பலேறி, 1750 சூலையில் இங்கு வந்து சேர்ந்தார்.

அப்போது கும்பினியின் தென்னாட்டுத் தலைமையிடம் சென்னை அன்று. கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்திலிருந்த செயின்ட் டேவிட் கோட்டையே. சில மைல் வடக்கே புதுச்சேரியில் தூப்ளே தன் படையோடு அமர்ந்திருந்தான். ராபின்ஸ் வந்தவுடன் இக்கோட்டைக்கும் சென்னைக்கும் உரிய திட்டங்களை முழுமையாக வரைந்தளித்தார். செப்டம்பரிற் காய்ச்சல் கண்டது; தேறினார். ஆயின் உடல் பழைய நிலையை அடையவில்லை. நாளடைவில் மெலிந்து, 1751 சூலை 29-ஆம் நாள், கும்பினியாருக்கு அறிக்கை வரைந்துகொண்டிருக்கையிலேயே, எழுதுகோல் கையிலிருக்க உயிர் நீத்தார். அகவை 44. அவர் இறந்த மறுமாதமே கிளைவு ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டான். கருநாடகப் போர்களின் பெரும்பகுதி அதன்பின்னர்தான் நிகழ்ந்தது.

அவர் வலுப்படுத்த முயன்ற செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் லாலி கைப்பற்றி இடித்தெறிந்தான். அவர் விட்டுச்சென்ற எழுத்துக்களை நண்பர் வில்சன் தொகுத்து இலண்டனில் இரு பகுதிகளாக வெளியிட்டார். அஃது 1761-ஆம் ஆண்டு. எம்மூர்ப் பக்கத்து நெற்கட்டுஞ்செவல் வீழ்ந்ததும் அவ்வாண்டே.

சென்ற விடுமுறையில் யாம் கடலூர் சென்று, தேவனாம்பட்டினத்தில் எஞ்சியுள்ள கோட்டைப் பகுதிகளைக் கண்டோம். வழி கேட்டபோது ஒரு முதியவர் குண்டு சாலையைக் காட்டினார். பெயர்க் காரணம் வினவினோம். 1690-இல் கும்பினியார் மராட்டியரிடமிருந்து அக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுகிறதோ அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்களெல்லாம் தமக்குரியன என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவ்வாறே சுட்டனர், உட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. அக்குண்டுக்கு எவ்வளவு மருந்து இட்டனர், எவ்வளவு உயரத்தில் குழலை நிமிர்த்தினர் என்று கேட்கத் தெரிந்தவர் அன்று அங்கே எவரும் இருந்திலர். கேட்கத் தெரிந்தவர் அறுபது ஆண்டு கழித்து அவ்விடத்துக்கே வந்து, ஓராண்டு தங்கி, அங்கேயே கண்மூடினார். முதியவரிடம் அவர் பெயரைக் கூறினோம். தாம் கேட்டதில்லை என்றார்.